எம்.எல்.வி. குரலை எங்கள் ஊரில் ஒலிக்கவைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கர்நாடக இசைப் பாடகி எம்.எல். வசந்தகுமாரி (எம்.எல்.வி.) அம்மையாரின் திரைப்பாடல்களையும் பழைய இசைத்தட்டுகளையும் கொண்டு கும்பகோணத்தில் நாங்கள் நடத்திய இசை மாலை உங்கள் தயவால் நல்லபடியாக நிறைவேறியது. நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றே கேட்டார்கள். அன்றைய பரபரப்பில் யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகவே இந்த மடல்.

முதல் வணக்கம், தட்டுகளைத் தந்த பெரியவருக்கு. தம் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவை அரக்கால் ஆன பழைய தட்டுகள்; கைநழுவினால் சில்லுசில்லாகிவிடும். பஸ்ஸில் வழிநெடுக அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்று சொல்லி, காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, லேபிளில் ஈரம் படாமல் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தார். பிற்கால எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசி, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்தப் பழைய தட்டின் பள்ளத்தில் அடிவரை இறங்கி இரைச்சலைத்தான் எழுப்பும். அதனால் அகலமான ஊசியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவ்வளவு தெளிவாக அந்தச் சாரீரம் எழுந்ததென்றால் அந்தப் புண்ணியம் அவருடையது.

பாட்டு டீச்சர் அம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்வோம்! தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாட முடியும். அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பதைப் பாடிக் காட்டியே புரியவைத்தார். ‘மணமகள்’ (1951) படத்தில் எம்.எல்.வி.யும் பி. லீலாவும் பாடிய ‘எல்லாம் இன்பமயம்’ சிம்மேந்திரமத்தியம ராகத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு ராகங்களில் செல்லும் ராகமாலிகை. ராகம் மாறும் இடந்தோறும் தட்டை நிறுத்தச் சொல்லி, ஸ்வரம் பாடி, மறுபடி கேட்கவைத்தார். ‘மதுரை வீரன்’ படத்தின் ‘ஆடல் காணீரோ’ ஒலித்தபோது அதன் ராகமான சாருகேசியின் பெயரையே அறியாத பிள்ளைகள்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சினிமாவுக்குப் பாடினால் சங்கீதம் நீர்த்துப்போகும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எம்.எல்.வி.யின் குருநாதர் ஜி.என். பாலசுப்பிரமணியமே திரையில் நடித்தவர்தான். 1948-இல் ‘ராஜமுக்தி’ படத்தில் பாடிய அதே சிஷ்யைக்குத்தான் 1977-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது. குருவிடம் பெற்ற அந்த மின்னல் பிருகாவை, அதாவது ஸ்வரங்களை அதிவேகமாக உருட்டிப் பாடும் திறனை, அவர் ஸ்டூடியோ வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகவில்லை. இதை வாதாடி நிறுவாமல் காதாலேயே உணரவைத்தவர் டீச்சர் அம்மா.

பீரோவின் அடியிலிருந்து பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைத் தேடி எடுத்துத் தந்த மேலத் தெரு பாட்டிக்கும், வாடகை வாங்காமல் மண்டபம் தந்தவர்களுக்கும், மைக் தம்பிக்கும், கடைசிவரை காபி ஆற்றிக் கொடுத்தவர்களுக்கும், நாற்காலி சுமந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. கூத்தனூரிலிருந்து வந்திருந்த ரசிகர்களுக்குத் தனி வணக்கம். எம்.எல்.வி.யின் தந்தை கூத்தனூர் அய்யாசாமி ஐயர் என்பதால், அவர்கள் வந்தது சொந்தபந்தம் வந்ததுபோல் இருந்தது.

‘ஓர் இரவு’ படத்தின் ‘அய்யா சாமி’ பாட்டைப் பலர் விரும்பிக் கேட்டீர்கள். எங்களுக்குக் கிடைத்த தட்டில் கீறல் விழுந்திருந்ததால் போட முடியவில்லை. நல்ல நிலையில் அந்தத் தட்டை யாரேனும் வைத்திருந்தால் சொல்லியனுப்புங்கள். பெரியவரே நேரில் வந்து பதிவு செய்துகொண்டு, தட்டைப் பத்திரமாக உங்கள் கையிலேயே ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர் சார்பில்