தண்ணீர்ச் சட்டியை வெயிலில் வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில் இருக்கும் அப்பிங்டன் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக்கோழிக் கட்டுரையை ராசிபுரத்திலிருந்து என் அக்கா போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு இடத்தில் எனக்குப் பகீரென்றது. எந்த ஊரானாலும் சரி, குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஆர்ப்பிங்டன், பிரம்மா மாதிரி சாதுவான கோழிகளை வாங்குங்கள் என்கிறார். கிருமி சாகும்படி தண்ணீர்ப் பாத்திரத்தை வெயிலில் வையுங்கள் என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் கலகாரிப் பாலைவனத்தின் தெற்கு ஓரம். ஆரஞ்சு ஆறு ஓடுவதால் கரை நெடுகத் திராட்சைத் தோட்டம் பச்சையாக இருக்கும். ஆற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மண்ணும் முள்ளும்தான். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைத் தொடாது. இங்கே கோடை என்றால் டிசம்பர், ஜனவரி. 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. என் கணவர் சூரிய மின் நிலையம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். ஊருக்கு வெளியே 'கி சோலார் ஒன்' என்ற சூரிய மின் நிலையத்தின் கோபுரம் 200 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. அதைச் சுற்றி 4000க்கும் மேற்பட்ட கண்ணாடிகள் வெயிலை அதன் உச்சிக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். வெயிலை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஐந்தாறு இருக்கிறோம்.

2021 டிசம்பரில் ஆறு ஆர்ப்பிங்டன் பெட்டைகளை வாங்கினோம். என் சின்ன மகள் அவற்றைப் படத்தில் பார்த்துவிட்டு அடம்பிடித்தாள். பார்க்கப் பஞ்சு மூட்டைதான். மடியில் வைத்துத் தடவினால் தூங்கிவிடும். விற்றவரிடம் இந்த வெயில் தாங்குமா என்று கேட்டேன். கோழி கோழிதானே அம்மா என்றார். கொல்லையில் தகரக் கொட்டகை ஏற்கெனவே இருந்தது. அதில் விட்டு, பெரிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து வைத்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை. நாங்கள் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். கொட்டகைக்குள் சத்தமே இல்லை. எல்லாம் அலகைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பில் ஒட்டாமல் விரித்துப் பிடித்தபடி தரையில் கிடந்தன. தொண்டை மட்டும் படபடவென்று துடிக்கிறது. கொண்டை கருநீலம். பாத்திரத்தில் விரலை விட்டால், டீ குடிக்கிற சூடு. காலையில் ஊற்றிய மட்டத்திலிருந்து ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும், கொதிக்கிற தண்ணீரைக் கோழி தொடவில்லை. இருட்டுவதற்குள் நாலு போய்விட்டன. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும்தான்.

என் பிறந்த வீடு நாமக்கல் மாவட்டம். ஊரைச் சுற்றிலும் லட்சக்கணக்கில் கோழி வளர்க்கிற பண்ணைகள். எங்கள் வீட்டிலும் பஞ்சாரம் இல்லாத நாளே கிடையாது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. போனில் அம்மாவிடம் சொல்லி அழுதபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நெழலு எங்கெ கண்ணு இருக்குது உங்கூட்ல?"

கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். வெளியே 30ஐத் தாண்டினாலே வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அந்த மூச்சில் போகிற ஈரம்தான் அதற்கு வேர்வை. அப்புறம் கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியில் இருக்கிற வெற்றுத் தோல் வழியாகவும் சூடு கழியும். ஆர்ப்பிங்டன் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உருவான இனம். அந்தக் குளிருக்கு இறகு அடர்த்தி, உடம்பு பெரிசு. பிரம்மாவுக்குக் காலிலும் இறகு, போதாததற்குக் கொண்டையும் சின்னது. சூடு வெளியே போகிற வாசலையெல்லாம் அடைத்து வைத்திருக்கிற கோழிகள் இவை. ஊட்டியில் வளர்க்கலாம். ராமநாதபுரத்திலும் அப்பிங்டனிலும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு டான்னிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் மூத்த பெண்களை டான்னி என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் பெரியம்மா என்கிற மாதிரி. அவர்தான் மறு வருடம் எனக்கு இரண்டு மொட்டைக் கழுத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் கொடுத்தார். இங்கே அதற்குக் 'கால்நெக்' என்று பெயர். பார்க்க லட்சணம் இல்லைதான், பாதி உரித்த கோழி எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். என் மகள் முதல் வாரம் கிட்டவே போகவில்லை. ஆனால் மற்றக் கோழிகளைவிட 20 முதல் 40 சதவீதம் வரை இறகு குறைவு. அந்தச் சிவந்த கழுத்து முழுக்கச் சூட்டை இறக்குகிற இடம். மற்றவை நிழலில் படுத்து மூச்சு வாங்கும் நேரத்திலும் இவை மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

அடுத்து வாங்கியது பொச்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் என்ற இனம். 1950களில் இங்கே பொச்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் கலப்பினமாக உருவாக்கியது. கூக்கூக் என்றால் ஆஃப்ரிகான்ஸில் குயில். கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக, குயில் இனப் பறவையின் நெஞ்சு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். குஞ்சு பொரித்த அன்றே தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா பார்த்து, இருந்தால் சேவல் என்று பிரித்துவிடலாம். இது பெரிய வசதி, வீட்டில் நாலு சேவல் கூவினால் அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்க வேண்டிவரும். வெண்டா, மட்டபெலே, ஒவாம்போ என்ற ஆப்பிரிக்க நாட்டுக்கோழிகளைக் கலந்து எடுத்த பாஷ்வெல்ட் என்ற இனமும் இங்கே கிடைக்கிறது. நன்றாக மேயும், நோய் தாங்கும் என்கிறார்கள். நான் வளர்த்ததில்லை. நம்மூரில் இருந்தால் நான் வேறெங்கும் போகமாட்டேன், நல்ல நாட்டுக்கோழியும் சிறுவிடையும்தான். உடம்பு சின்னது, இறகு ஒட்டினாற்போல இருக்கும். முட்டைக் கணக்கில் தோற்கும்தான். செத்த கோழி எத்தனை முட்டை போடும்?

கட்டுரையில் கொட்டகைக்கு நீள அகலமெல்லாம் இருக்கிறது, நிழலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் கோழி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குக் கொல்லையில் செருப்பில்லாமல் நின்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் டிசம்பரில் சூரியன் மறையவே ஏழரை மணி வாக்கில் ஆகிவிடும். உச்சிவெயிலைவிட மூன்று, நாலு மணி வெயில்தான் ஆளைக் கொல்லும். என் தகரக் கொட்டகைக்குக் காலையில் நல்ல நிழல், பிற்பகல் முழுக்க மேற்கு வெயில். இது எனக்குத் தெரிந்தது நாலு கோழியை இழந்த பிறகு.

கொல்லை மூலையில் ஒரு முள் மரம் நிற்கிறது. வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, அட, நம்ம வேலிக்காத்தான் இங்கேயுமா என்று சிரித்தேன். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான் அது. நம்மூருக்கு வந்த மாதிரியே 1800களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இங்கேயும் வந்து, இங்கேயும் தண்ணீரைக் குடித்து, இங்கேயும் எல்லாரிடமும் திட்டு வாங்குகிறது. வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. கோழிக்கூண்டை அதன் கிழக்குப் பக்கமாக மாற்றினேன். மூன்று பக்கமும் கம்பிவலை, காற்று உள்ளே நுழைந்து வெளியேறும்படி. கூரைத் தகரத்துக்கு மேலே ஆற்றங்கரை நாணலை ஒரு முழ உயரத்துக்குப் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

மேற்குப் பக்க வலையில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுகிறேன். மதியம் இரண்டு தடவை தண்ணீர் தெளித்தால் போதும். உள்ளே கையை நீட்டினால் வித்தியாசம் தெரியும். ஆனால் இதை எல்லா ஊருக்கும் சொல்ல முடியாது. டர்பனில் ஒரு தமிழ் அக்கா எனக்குப் பழக்கம். அவர்கள் குடும்பம் அங்கே ஐந்து தலைமுறை. நாட்டுக்கோழியை 'ரன்னிங் ஃபவுல்' என்பார்கள், குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். நான் சொன்னேன் என்று அவரும் சாக்கு கட்டினார். சாக்கு காயவே இல்லை, பூஞ்சைதான் பிடித்தது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது சாக்குத் தண்ணீர் எங்கே ஆவியாகும்? எங்கள் ஊரில் பிற்பகல் ஈரப்பதம் பல நாள் 20 சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் பலிக்கிறது. கோழியின் மூச்சுக்கும் இதே கணக்குதான். இங்கே 40 டிகிரியைத் தாங்குகிற கோழி சென்னையில் 37க்கே சுருண்டுவிடலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் சாக்கை விட்டுவிட்டு மின்விசிறிக்கு வழி பாருங்கள்.

தண்ணீருக்கு இப்போது பிளாஸ்டிக்கே கிடையாது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற சுட்ட மண் தட்டுகள் இங்கே கடையில் கிடைக்கும். அவற்றை மரத்தடியில் பாதி மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில், ஏனென்றால் ஒரே இடத்தில் இருந்தால் பெரிய கோழி சின்னதை விரட்டிவிடும். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடித்தால் வெயில் நாளில் அதற்கு இரண்டு மடங்கு குடிக்கும். மதியம் ஒரு தடவை பழைய தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். கொட்டிய ஈர மண்ணிலேயே வந்து படுத்துக்கொள்ளும். அப்படியும் ஏதாவது ஒன்று துவண்டுவிட்டால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், வாளித் தண்ணீரில் அதன் காலை மட்டும் நிறுத்தி, கொண்டையை நனைத்துவிட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தீனி விடியற்காலை ஐந்தரைக்கும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும்தான். தின்றது செரிக்கிறபோது உடம்பில் சூடு ஏறும்; பதினொரு மணிக்கு மக்காச்சோளம் போட்டால் அந்தச் சூடும் மூன்று மணி வெயிலும் சேர்ந்துகொள்ளும். இடையில் தர்பூசணித் தோல் போடலாம். கோடையில் முட்டை ஓடு அப்பளம் மாதிரி மெலிந்து போகிறதென்று பலர் சொல்வார்கள். சுண்ணாம்புச் சத்து கொடுக்காதது மட்டும் காரணமில்லை. ஓயாமல் மூச்சு வாங்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்கு அதுதான் மூலம். கிளிஞ்சல் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு வாங்காமல் வைத்திருப்பதுதான் மருந்து.

வறண்ட ஊருக்கென்றே ஒரு பீடை இருக்கிறது. கட்டுரையில் அதுவும் இல்லை. இங்கே தம்பான் என்கிறார்கள், ஒரு வகை உண்ணி. பகலெல்லாம் மரப்பட்டை இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். காலையில் கோழியைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் கொண்டை வெளுத்துக்கொண்டே போகும். நான் ஒரு மாதம் தவிட்டைக் குற்றம் சொன்னேன். ஒரு ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், கோழிகள் ராத்திரி உட்கார நான் ஆசை ஆசையாகப் பட்டை உரிக்காமல் கட்டிய கருவேலங்கட்டையின் வெடிப்பிலிருந்து தட்டையாக, காய்ந்த திராட்சைப் பழம் மாதிரி வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். கட்டையைக் கொளுத்திவிட்டு இரும்புக் குழாயில் பரண் போட்டேன். குழாய் சுவரைத் தொடாமல் நிற்கிறது.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். கவிழ்த்த பானைக்குள் காய்ந்த சாணியும் சாக்குத் துண்டும் வைத்துத் தண்ணீர் தெளித்து, விடிந்ததும் கரையானை எடுத்துக் குஞ்சுகளுக்குப் போடுவாரே எங்கள் பாட்டி, அது இந்த மண்ணில் நம்மூரைவிட நன்றாகப் பலிக்கிறது. டான்னியும் இப்போது பானை கவிழ்க்கிறார்.

2023இல் பறவைக் காய்ச்சல் வந்து இந்த நாட்டில் லட்சக்கணக்கான கோழிகள் போயின. கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு, விலை ஏறியது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு நாலு பேர் வந்து கோழி வளர்ப்பது எப்படி என்று கேட்டார்கள். இப்போது என்னிடம் ஒன்பது பெட்டை. அந்த டிசம்பரில் தப்பிய இரண்டு ஆர்ப்பிங்டனில் ஒன்று இன்னும் இருக்கிறது, கிழவியாகிவிட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மதியமானால் மகள் அதை வீட்டுக்குள் தூக்கிவந்து குளியலறைத் தரையில் விட்டுவிடுவாள்.

இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. அந்தத் தண்ணீர்ப் பாத்திர வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். வெயில் பட்டால் பாசிதான் சீக்கிரம் பிடிக்கும். பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவினால் போதும். பங்குனி பிறப்பதற்குள் திருத்தம் வந்தால் நல்லது. கத்திரி வெயிலுக்கு முன்னால் ஜனங்கள் சட்டியை நிழலுக்கு நகர்த்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அப்பிங்டன், தென்னாப்பிரிக்கா