காரைக்குடிக்கு வரும் எஃப்எம் பாட்டோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் 41 வருடமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் செட்டியார் வீடுகளுக்கு வந்த வால்வு ரேடியோக்களில் தொழில் பழகியவன். போனில் இணையம் வழியாகக் கேட்கும் பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் இருக்கும்போது இனிமேல் வானொலி எதற்கு என்று கடைக்கு வரும் இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

பாட்காஸ்ட் எனக்கும் பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்புவதைச் சாலிடரிங் வேலைக்கு நடுவே கேட்கிறேன். நிறுத்தலாம், திரும்பவும் கேட்கலாம், ஒரே விஷயத்தை ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஆனால் அது ஒலிபரப்பு இல்லை. ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். டவர் வேண்டும், டேட்டா வேண்டும், இன்னதைக் கேட்கலாம் என்று முதலில் நமக்கே தெரிந்திருக்கவும் வேண்டும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் அதே கரண்டுச் செலவுதான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடிப் பக்கம் தங்கை வீட்டில் இருந்தேன். விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்டு இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. கையில் இருந்தது இரண்டு பேட்டரி போடும் என் டிரான்சிஸ்டர்தான். சாயங்காலம் செய்தி நேரத்தில் தெருவே தங்கை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பேட்டரி தீர்ந்துவிடும் என்று செய்தி முடிந்ததும் அணைத்துவிடுவோம். புயல் எங்கே போனது, எந்தெந்த மாவட்டத்தில் சேதம் என்றெல்லாம் தெரிந்தது. ஆனால் புதுக்கோட்டை ரோட்டில் விழுந்த மரங்களை எடுத்தாயிற்றா என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்ல பக்கத்தில் ஒரு நிலையம் இல்லை. அந்தக் குறை இன்றைக்கும் தீரவில்லை.

234 புதிய நகரங்களில் 730 தனியார் எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பட்டியலில் காரைக்குடியும் புதுக்கோட்டையும் இருக்கின்றன. சந்தோஷம்தான். வர்த்தக வானொலியை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இல்லாமல் என் தலைமுறை வளரவில்லை. ஆனால் ஏலத்தில் பணம் போட்டவர் விளம்பரத்தில்தான் எடுக்க முடியும். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் கொடுக்கும். கண்மாய்ப் பாசனக்காரருக்கான நிகழ்ச்சிக்கு யார் கொடுப்பார்கள்? அப்புறம், தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இங்கே அனுமதி கிடையாது, அரசு வானொலியான ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். மணிக்கு 10 நிமிடம் அனுமதிக்கலாம் என்று 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது.

விளம்பரக்காரர் தேடி வராத வேலையைப் பொதுச் சேவை வானொலி செய்து காட்டியிருக்கிறது. 1960-களில் திருச்சி வானொலி சொல்லித்தான் ஏடிடீ 27 நெல் தஞ்சாவூர் வயல்களில் பரவியது. விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே ரேடியோ நெல்.

அந்தத் திருச்சி மீடியம் வேவ் காரைக்குடியில் இன்றும் கேட்கிறது, ஆனால் வீட்டுக்குள் எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. செட் பழுது என்று கொண்டுவருகிறார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு செட்டைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று காசு வாங்காமல் அனுப்புகிறேன். எஃப்எம் என்றால் இந்தத் தொல்லை குறைவு. அதனால் தனியார் நிலையங்களோடு ஆகாசவாணிக்கும் இங்கே ஒரு எஃப்எம் வேண்டும். முழுநாளும் நடத்த ஆள் இல்லையா, சரி, திருச்சி நிகழ்ச்சிகளை வாங்கி மறு ஒலிபரப்பு செய்யட்டும். தினம் ஒரு மணி நேரமாவது காரைக்குடியிலிருந்து பேச வேண்டும்: கண்மாய் நிலவரம், சந்தை விலை, மழை, ரோடு. அந்த ஒரு மணி நேரத்தைப் பிறகு பாட்காஸ்டாகவும் போடட்டும், சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளும் கேட்பார்கள். எங்கள் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஏலம் முடிவதற்குள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன், வீட்டில் மூலையில் கிடக்கும் டிரான்சிஸ்டரை எடுத்து வாருங்கள். பார்ட்ஸ் தேவைப்பட்டால் அதன் விலை மட்டும் போதும், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக்,
காரைக்குடி.