அப்பத்தா கூற்று: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருக்கிறோம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருடன் உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சிலிருந்து ஒரு கவிதையோ ஒரு பக்க உரைநடையோ எழுதிவர வேண்டும்.

நம் இராமேசுவரம் தீவில் இதைத் தள்ளிப்போட நேரமில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோன அந்த இரவில், பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். போட் மெயில் ரயிலில் வந்திறங்கிய கூட்டத்தையும் அது இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறியதையும் நேரில் பார்த்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் சுற்றுலாப் பயணிகளைப் போலவே நம் பிள்ளைகளும் படமெடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் யார் வீடு இருந்தது என்று வீட்டில் கேட்பதில்லை.

சென்ற ஆண்டும் இதை முயன்றோம், சரியாக அமையவில்லை. பிழை எங்களுடையது. ‘தனுஷ்கோடிப் புயல்’ என்று தலைப்புக் கொடுத்தோம்; ‘கடல் அன்னையே, ஏன் சீறினாய்’ என்று தொடங்கும் கவிதைகள் கட்டுக்கட்டாக வந்தன. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படியொரு கவிதையை எழுதிவிட்டு, தாளின் பின்பக்கத்தில் தன் அப்பத்தா சொன்னதைப் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள். நான் முன்பக்கத்துக்கு மதிப்பெண் போட்டேன். பின்பக்கத்தில் ‘காத்து’ என்றிருந்ததைச் சிவப்பு மையால் ‘காற்று’ என்று திருத்தினேன். சில வாரங்கள் கழித்து அந்தத் தாள் மீண்டும் கைக்கு வந்தபோதுதான் கவிதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அவளையே அழைத்து, பின்பக்கத்து வரிகளில் வேண்டாதவற்றை மட்டும் நீக்கச் சொன்னோம். அவளும் அப்பத்தாவும் இசைந்ததால் இங்கே தருகிறேன்:

உலை வச்சிருந்தேன், அரிசி போடல.
காத்து கூரையப் பிரிச்சுப்புடுச்சு.
விடிஞ்சு வந்து பாத்தா
அடுப்பு இருந்த எடந் தெரியல.
இன்னைக்கும் உலை கொதிச்சா
ஒடனே அரிசியப் போட்டுருவேன்.

இதில் புயல் என்ற சொல்லே இல்லை. அந்த மாணவி தன் சொல்லாக எதையும் சேர்க்கவுமில்லை. எதை விடுவது, எங்கே அடியை முறிப்பது என்று மட்டுமே முடிவு செய்தாள். இது நமக்குப் புதிய முறையும் அன்று. சங்க அகப்பாடல்கள் எல்லாமே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யாரோ ஒருவர் யாரிடமோ பேசிய பேச்சாகத்தான் அமைந்திருக்கின்றன. குறுந்தொகைப் பாடல்களுக்கு நான்கு முதல் எட்டு அடி என்பது அளவு. அந்த அளவையே நாங்களும் வைத்துக்கொண்டோம். தலைப்பாக ‘அப்பத்தா கூற்று’, ‘அம்மாச்சி கூற்று’, ‘தாத்தா கூற்று’ என்று எழுதினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். பிள்ளைகள் எழுதும்போது பக்கத்தில் நின்று மொழியைத் திருத்தாதீர்கள். பெரியவர்கள் ஆண்கடல், பெண்கடல் என்றால் அப்படியே இருக்கட்டும். அதை மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா என்று மாற்ற வேண்டாம். கச்சான், வாடை என்று காற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களும் அப்படியே வரட்டும். எடுத்த எடுப்பில் ‘புயலைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பலமுறை சொல்லித் தேய்ந்த கதைதான் வரும் என்பதால், அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், கரைவலை இழுக்க யார் யார் போனார்கள், கையில் எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள் என்று கேட்கப் பழக்கியிருக்கிறோம். புயலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதில்லை. முதல் படகு, பார்த்த முதல் சினிமா, கட்டிக்கொடுத்த நாள் என எதுவும் ஆகலாம்.

அந்த இரவில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்கள் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். குறிப்பேட்டில் ‘பேசவில்லை’ என்று எழுதிவந்தாலும் முழு மதிப்பெண் உண்டு. வீட்டில் மூத்தவர்கள் இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டிலோ, கரையில் வலை பின்னும் பெரியவரிடமோ கேட்கலாம். சத்துணவுக்கூடத்துச் சமையலர் அக்காவும் தம்மிடம் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எழுதியதைச் சொன்னவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டி, ‘நான் சொன்னதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். வேண்டாமென்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்திருக்கிறோம். நம் ஊர் உப்புக்காற்றில் தாள் நமுத்து மை ஊறிவிடுகிறது. ஆகவே பென்சிலாலேயே எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்