முதல் மாதத்தில் கட்டிய தொகையையே கடைசி வரை கட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிச் செலவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கடன்பற்று அட்டையை வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்ற தொனியில் முடிந்திருந்தது. அட்டையை வெட்டினாலும் கடன் அப்படியேதான் இருக்கும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நிலுவையை எந்த முறையில் அடைப்பது என்பதை யாரும் விளக்கிச் சொல்லாததால்தான் நம்மவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையிலும், ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு என் அக்காள் மகன் இரண்டு வங்கிகளின் கணக்கறிக்கைகளை எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டிற்கு வந்தான். பாயான் லெப்பாஸில் வேலை, மாதம் ஏறக்குறைய 2,900 ரிங்கிட் சம்பளம், கைக்குழந்தை ஒன்று. ஓர் அட்டையில் 5,200 ரிங்கிட்டும் மற்றொன்றில் 2,800 ரிங்கிட்டுமாக மொத்தம் 8,000 ரிங்கிட் நிலுவை இருந்தது. "சித்தி, ஒரு மாசம்கூட நான் தவறவிட்டதில்லை, மினிமம் சரியா கட்டிக்கிட்டுத்தான் வர்றேன், ஆனா குறையவே மாட்டேங்குது" என்றான். அறிக்கைகளை மேசைமீது பரப்பி, அவன் கட்டிய தொகைகளை மஞ்சள் பேனாவால் கோடிட்டுக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு மாதமும் அவன் கட்டியது சற்றே குறைந்திருந்தது. வங்கி கேட்டது குறைந்தது, அவனும் குறைத்துக் கட்டினான்.

குறைந்தபட்சத் தொகை என்பது நிலுவையில் ஐந்து விழுக்காடு, அல்லது 50 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. நிலுவை இறங்க இறங்க அந்த ஐந்து விழுக்காடும் இறங்கும். வட்டியோ, 12 மாதங்களும் தவணை தவறாதவர்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடாகவும், 12 மாதங்களில் பத்து மாதங்களாவது தவறாதவர்களுக்கு 17 விழுக்காடாகவும், மற்றவர்களுக்கு 18 விழுக்காடாகவும் கணக்கிடப்படுகிறது. 18 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு அவனுடைய 8,000 ரிங்கிட்டுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். புதிதாக ஒரு காசுகூடச் செலவு செய்யாமல், வங்கி கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவந்தால், பெரிய அட்டை அடைபட 69 மாதங்கள், அதாவது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். இரண்டுக்குமாக வட்டி மட்டும் சுமார் 2,700 ரிங்கிட். அதே சமயம், முதல் மாதத்தில் இரண்டு அட்டைகளுக்கும் சேர்த்து வங்கிகள் கேட்கும் 400 ரிங்கிட்டையே, பிறகு அவை எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் குறைக்காமல், ஒவ்வொரு மாதமும் கட்டிவந்தால் 24 மாதங்களில் கடன் முடிந்துவிடும், வட்டியும் சுமார் 1,400 ரிங்கிட்டோடு நின்றுவிடும். முதல் மாதத்தில் கட்டிய தொகையைக் காட்டிலும் ஒரு ரிங்கிட்கூட அதிகம் கட்டாமலேயே இவ்வளவு வித்தியாசம் வருகிறது. அந்தத் தாளை அவன் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. என் அம்மாவின் மருத்துவச் செலவுக்காக அட்டையைத் தேய்த்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைந்தபட்சத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தேன். ஒருமுறை வங்கி முகப்பில் கேட்டபோது, என் கணக்கு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லி, அட்டையின் வரம்பை உயர்த்தித் தரவா என்று கேட்டார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் நானே அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்து திரும்பினேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய மாத நிலுவையை முழுமையாகக் கட்டியவர்களுக்குத்தான் அந்த 20 நாள் வட்டியில்லாக் காலம் கிடைக்கும். நிலுவை வைத்திருப்பவர் அதே அட்டையில் இன்று மளிகைச் சாமான் வாங்கினால், அதற்கும் உடனே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அடைத்து முடிக்கும் வரையில் அந்த அட்டையில் எதையும் வாங்கக் கூடாது. பெட்ரோல், மளிகை எல்லாம் ரொக்கத்திலோ, வங்கிச் சேமிப்பிலிருந்து நேரே கழியும் அட்டையிலோதான் நடக்க வேண்டும். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதை நான் இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை: எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதை அறவே விட்டுவிடுங்கள்.

இரண்டு, மூன்று அட்டைகள் வைத்திருப்பவர்களிடம், அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடையுங்கள் என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் சொல்வதுண்டு. அட்டைக்கு அட்டை வட்டி வெகுவாக மாறும் நாடுகளுக்கு அது சரியாக இருக்கலாம். நம் நாட்டில் எல்லாம் 15 முதல் 18 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுவதால், எதை முதலில் அடைத்தாலும் வட்டியில் பெரிய வேறுபாடு வராது. அதனால் சிறிய நிலுவையை முதலில் தீர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பெரிய அட்டைக்குக் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, 400 ரிங்கிட்டில் மீதமுள்ளதையெல்லாம் சிறியதில் போட்டால் அது சுமார் 16 மாதங்களில் முடிந்துவிடும். அதை ரத்து செய்தால் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரியும் மிச்சம், கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அட்டையும் குறைவு.

நிலுவையை வேறொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் திட்டங்களை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யும்போது, தொடக்கத்திலேயே வாங்கும் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதங்களுக்கு அந்தச் சலுகை, ஒரு தவணை தவறினால் என்ன வட்டி என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

ஊழியர் சேமநிதியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024 மே மாதத்தில் அறிமுகமான மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு, அட்டை வாங்குவதோ 18 விழுக்காடு. கணக்குப்படி எடுத்து அடைப்பதுதான் லாபம். ஆயினும், அப்படி அடைத்துவிட்டு அடுத்த பண்டிகைக்குள் அதே அட்டையை மீண்டும் நிரப்பி, சேமநிதியையும் இழந்து, கடனையும் மறுபடி ஏற்றிக்கொண்ட இருவரை என் அலுவலகத்திலேயே பார்த்தேன். முதலில் மூன்று மாதங்கள் அட்டையைத் தொடாமல் இருந்து காட்டிவிட்டு அதன்பின் அந்தப் பணத்தை எடுங்கள் என்பதே நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.

குறைந்தபட்சத்தைக்கூடக் கட்ட இயலாத நிலைக்கு வந்துவிட்டவர்கள், தயவுசெய்து ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் பக்கம் போகாதீர்கள். நம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிர்வாக அமைப்பு, வங்கிகளோடு பேசி, நம் வருமானத்திற்கு ஏற்ற மாதத் தவணையை அமைத்துத் தருகிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே அழைத்துச் செல்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். அங்கே போனால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள், மாதக்கணக்கில் கட்டாமல் விட்டாலும் அது வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் எனப்படும் கடன் பதிவில் ஏறத்தான் செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழின் வழியாக ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். மாத அறிக்கையில் குறைந்தபட்சத் தொகையைத் தடித்த எழுத்தில் அச்சிடும் வங்கிகள், அதற்கு அடுத்த வரியில், அதே அளவு தடித்த எழுத்தில், "இத்தொகையைக் குறைக்காமல் கட்டிவந்தால் இத்தனை மாதங்களில் முடியும்" என்ற ஒரு வரியையும் சேர்க்கும்படி பேங்க் நெகாரா பணிக்க வேண்டும். தமிழ் நாளிதழ்களும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கணக்கை ஓர் அட்டவணையாக வெளியிடலாம். நம் கோயில்களின் அறிவிப்புப் பலகைகளில் அதை ஒட்டி வைக்க நானே அலைந்து ஏற்பாடு செய்யத் தயார்.

என் அக்காள் மகனுக்கு இது ஏழாவது மாதம். இரண்டு அட்டைகளுக்கும் சேர்த்து இம்மாதம் கேட்டிருப்பது 311 ரிங்கிட். சென்ற வெள்ளிக்கிழமை அவன் 400 ரிங்கிட் கட்டிவிட்டு, ரசீதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு