ஞாயிறு ஞானஸ்நானம்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ஞானஸ்நான ஆராதனை. காரைக்குடியில், நம் சபைத் தொட்டியில்தான். ஊருணி வேண்டாம், அது ஊர் குடிக்கிற தண்ணீர். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். மாற்றுத்துணி, துண்டு மறக்க வேண்டாம்.

நேற்று ஒரு அண்ணன் கேட்டார் (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்): "குடியை விட்டு நாலு மாசம்தான் ஆகுது. இன்னும் கொஞ்சம் சுத்தமாயிட்டு எடுக்கட்டுமா?" கேட்கும்போது கையிலிருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுக்குப் போன பிறகா குளிக்கப் போகிறோம், அண்ணே? வேதத்தில் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில், பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் இயேசுவை விசுவாசித்த அன்று ராத்திரியே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். அவனிடம் யாரும் நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. கிருபை நாம் சம்பாதிப்பதில்லை. ரோமர் 6-இன்படி தண்ணீருக்குள் போவது பழைய வாழ்வை அடக்கம்பண்ணுவது, எழுந்து வருவது புது ஜீவன். ஆனால் பழைய பாவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்க முடியாது. மனந்திரும்புதல் என்றால் திரும்பி நடப்பதுதான்.

அப்புறம், பெயர் கொடுக்காதவர்கள் வெள்ளி இரவுக்குள் போதகரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அண்ணன் இன்று காலையே கொடுத்துவிட்டார்.