நோட்டிபிகேஷன் எண் வாங்கியதோடு வேலை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பாசார் மாலாம்களில் (இரவுச் சந்தைகளில்) மூலிகைத் தைலம், மஞ்சள் சோப்பு, முகக் கிரீம் என்று உள்ளூர்த் தயாரிப்புகள் வரிசைகட்டும். 'என்ஓடி'யில் தொடங்கி 'கே'யில் முடியும் நோட்டிபிகேஷன் எண், அதாவது சுகாதார அமைச்சின் பதிவு எண், கிடைத்துவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. அதற்குள்ளேயே தடைசெய்த கூட்டுப்பொருள்களின் பட்டியலும் மாறலாம்.

2008 முதல் மலேசியாவில் நாம் பின்பற்றும் ஆசியான் அழகுப்பொருள் விதிகள் ஐரோப்பிய விதிகளை மாதிரியாகக் கொண்டவை. அங்கே வரும் திருத்தம் பெரும்பாலும் சில காலம் கழித்து இங்கும் வரும். லிலியால் என்ற வாசனைப்பொருளுக்கு 2022 மார்ச் 1இல் அங்கே தடை வந்தது. ஜெல் நகப்பூச்சில் சேர்க்கும் டிபிஓ என்ற இரசாயனத்துக்கு 2025 செப்டம்பர் 1. தடை நாளுக்குப் பிறகு அங்கே மிச்சச் சரக்கை விற்கவும் அனுமதி இல்லை. மொத்த விலையில் மலிவு என்று ஓராண்டுக்கான வாசனை எண்ணெயை வாங்கி அடுக்குவது இதனால்தான் ஆபத்து.

வாங்கும் புட்டியில் 'ஜாஸ்மின்' என்று மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது பல இரசாயனங்களின் கலவை. இஃப்ரா (அனைத்துலக வாசனைப்பொருள் சங்கம்) விதிப்படியான சான்றிதழையும் ஒவ்வாமைப் பொருள் பட்டியலையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பெயரைப் பார்த்துத் தேடாதீர்கள், ஒரே பொருளுக்குப் பல பெயர் உண்டு. ஒவ்வொரு இரசாயனத்துக்கும் தனித்தனியாக உள்ள சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள். லிலியாலுக்கு அது 80-54-6.

அதிகம் தவறுவது, கெடாமல் காக்கச் சேர்க்கும் பதப்படுத்தியில். பினாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்திக்கு உச்சவரம்பு 1 விழுக்காடு. ஒரு கிலோ கிரீம் என்றால் 10 கிராம். இப்போது கணக்குப் போடுங்கள்: கடையில் வாங்கிய கிரீம் பேஸ் 800 கிராம், அதில் ஏற்கெனவே 0.7 விழுக்காடு, ஆக 5.6 கிராம். கற்றாழை ஜெல் 100 கிராம், அதில் 1 விழுக்காடு, இன்னொரு கிராம். 'கெடாமல் இருக்கட்டும்' என்று சேர்க்கும் பதப்படுத்தி 5 கிராம். அதில் 90 விழுக்காடு இதே பொருளானால் 4.5 கிராம். கூட்டினால் 11.1. சேர்த்தவர் 5 கிராம்தான் போட்டேன் என்பார், அது பொய்யும் அல்ல. 3 கிராமாகக் குறைத்தால் 9.3 ஆகும். ஆனால் குறைத்தபின் பூஞ்சை பிடிக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் விற்கக்கூடாது. கலவையை மாற்றிவிட்டுப் பழைய பதிவிலேயே விற்பது இன்னொரு வம்பு: புட்டியில் ஒன்று, அமைச்சிடம் கொடுத்த பட்டியலில் வேறொன்று.

கண்மைக்கு ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு தொகுதி நிறமிக்கும் சோதனைச் சான்று கேளுங்கள். 'கறுப்பு மருதாணி' என்று வரும் கோனைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் முடிச்சாயத்துக்கு மட்டும் அனுமதித்த பிபிடி என்ற இரசாயனம் இருக்கும்; தோலில் கொப்புளம் கிளம்பும்.

கூட்டுப்பொருள் மாற்றச் சுற்றறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவை வரும்போதெல்லாம் பொருளின் பெயரை நம் எழுத்தில், சிஏஎஸ் எண்ணோடும் அமலாகும் தேதியோடும் தங்கள் நாளிதழில் ஒரு சிறு கட்டமாகப் போட முடியுமா?

அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்