நிற்கும் காரில் தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதியில், தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில் வாங்கிய 18 அங்குல அலாய் வீல் போட்டால் எந்த அளவு டயர் சரியாக இருக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். புதிய டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பதில் வந்திருந்தது. அந்தப் "போதும்" என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் அதே சொல்லை நம்பித்தான் நான் புத்தம்புதிய இரண்டு டயர்களைப் பாழாக்கினேன். விட்டக் கணக்கில் தவறில்லை. ஆனால் தாழ்த்திய காருக்கு அதை மட்டும் சொல்லி நிறுத்துவது ஆபத்து.

என் கார் டொயோட்டா 86. கம்பெனியிலிருந்து வந்தபோது 215/45ஆர்17 டயர், 7 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 48 (இது என்னவென்று பின்னால் சொல்கிறேன்). அதற்கு 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். அப்புறம் 8.5 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ள 18 அங்குல வீல் வாங்கி, 225/40ஆர்18 டயர் மாட்டினேன். விட்டத்தைக் கணக்கிடுவது எளிது: அகலம் 215 மி.மீ., அதில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 96.75 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து அதன் இரு மடங்கு, கூடவே 17 அங்குலத்துக்கு 431.8 மி.மீ., ஆக மொத்தம் 625.3. புதியது இதே கணக்கில் 637.2. வித்தியாசம் கிட்டத்தட்ட 12 மி.மீ., 1.9 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் முன்பைவிட 2 கி.மீ. வேகமாகப் போகும், அவ்வளவுதான். மாட்டிய கடையிலும் இதைத்தான் சொன்னார்கள்.

கார் நின்றபோது பார்க்க அருமையாக இருந்தது, டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகடு) நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு நீண்ட வளைவில், சாலை லேசாக அமிழ்ந்து எழும் இடத்தில், முன்பக்கத்திலிருந்து "சர்ர்ர்" என்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் முன் டயரின் வெளித் தோளில் கத்தியால் கீறியது போலச் சுற்றிலும் ஒரு கோடு. மறுபக்கமும் அதே கதை, அங்கே கீறல் ஆழமாகி உள்ளே இழை தெரிந்தது. அந்த டயரோடுதான் கொஞ்ச நேரம் முன்பு வரை நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மாதங்கள் பிடித்தன. தாழ்த்தியதால் இடைவெளி குறைந்தது, அதனால் உரசியது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு சக்கரம் எவ்வளவு உயரம் மேலே போகலாம் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங் அல்ல, ஷாக் அப்சார்பரின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு. அந்த ரப்பர் முழுவதும் நசுங்கும் இடமே சக்கரத்தின் உச்சி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் விட்டால், தாழ்த்திய காரிலும் உச்சி அதே இடத்தில்தான் இருக்கும். கார் தயாரித்தவர்கள் அந்த உச்சியிலும் பழைய டயர் எங்கும் இடிக்காதபடிதான் வடிவமைத்திருப்பார்கள். தாழ்த்தும்போது மாறுவது என்னவென்றால், அந்த உச்சிக்குப் போகும் தூரம் 30 மி.மீ. குறைந்துவிடுகிறது. முன்பு வருடத்துக்கு ஒருமுறை பெரிய பள்ளத்தில் தொட்ட இடத்தை இப்போது தினமும் தொடுகிறீர்கள். அங்கே இடமில்லாத டயரைப் போட்டிருந்தால் தினமும் உரசும்.

சக்கரம் மேலே போகும் தூரம் போதவில்லை என்று பம்ப் ஸ்டாப்பை வெட்டிவிட்டாலோ, கீழ்ப்பகுதியைத் திருகி உயரத்தைக் குறைக்கும் வகை காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) போட்டாலோ விஷயம் இன்னும் மோசம். அப்போது உச்சியே மேலே நகர்ந்துவிடுகிறது, பழைய டயர்கூட இடிக்கலாம். ஆகவே கார் நிற்கும்போது விரலை விட்டு அளப்பதில் எந்தப் பயனும் இல்லை. அளக்க வேண்டியது உச்சியில்.

அடுத்தது ஆஃப்செட். என் தவறில் பெரும்பங்கு இதற்குத்தான். வீல் ஹப்போடு (வீலைப் பூட்டும் சுழலும் பகுதி) ஒட்டும் முகத்துக்கும் வீலின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 7 அங்குலத்திலிருந்து 8.5 அங்குலத்துக்குப் போகும்போது அகலம் 38 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 48-லிருந்து 35 ஆனதில் இன்னொரு 13 மி.மீ. வெளியே. மொத்தம் 32 மி.மீ. ரிம் வெளியே வந்துவிட்டது, உள்பக்கம் வெறும் 6 மி.மீ. கூடியது. டயரின் ஆரம் கூடியது 6 மி.மீ. மட்டுமே! நான் 6 மில்லிமீட்டரைப் பற்றி மணிக்கணக்கில் யோசித்துவிட்டு, 32 மில்லிமீட்டரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உங்கள் பதிலிலும் ஆஃப்செட் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

இதில் சஸ்பென்ஷனின் வகையும் சேர்ந்துகொள்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் தாங்கும் டபுள் விஷ்போன் இருக்கும் இடத்தில் சக்கரம் மேலே ஏற ஏற அதன் தலை உள்பக்கம் சாயும், ஃபெண்டருக்கு அடியில் தானாக நுழைந்துகொள்ளும். என் காரின் முன்பக்கம் போல மெக்பெர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்முக்குப் பதிலாக ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) என்றால் அந்தச் சாய்வு குறைவு, தாழ்த்தி கீழ் ஆர்ம் படுக்கை நிலையைத் தாண்டி மேல்நோக்கி நின்றுவிட்டால் இன்னும் குறைவு. சக்கரம் கிட்டத்தட்ட நேராகவே மேலே போய் ஃபெண்டர் விளிம்பில் மோதும். இதனால்தான் ஒரே வீல், ஒரே டயர் ஒரு காரில் உரசாமல் ஓடும், இன்னொரு காரில் உரசும். "என் நண்பன் இதே அளவு போட்டிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை" என்பது எந்த முடிவுக்கும் ஆதாரமாகாது.

சரி, எப்படித்தான் அளப்பது? பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், தெரியாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றுவது கவனமில்லாமல் செய்கிற வேலை அல்ல. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் பூட்டி, வீலை மாட்டி, ஹப்பை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை உயர்த்துங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ஃபெண்டர் விளிம்பு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர், ஸ்ட்ரட்டின் உடம்பு, பிரேக் ஹோஸ் என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டிவிட்டால் அது எவ்வளவு நசுங்கியது என்பதே கணக்கைச் சொல்லிவிடும். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும் என்பதால், எங்கும் தொடவில்லை என்பதோடு திருப்தி அடையாமல் சில மில்லிமீட்டராவது மிச்சம் வைக்க வேண்டும். இதை வீல் வாங்கும் முன், பழைய வீலை மாட்டியே செய்யலாம். எங்கெங்கே எத்தனை மி.மீ. இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், புதிய வீலின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் வைத்து மிச்சத்தைக் கூட்டிக் கழித்துவிடலாம்.

இன்னொரு விஷயம், 225 என்று எழுதியிருப்பதால் டயர் எல்லாக் கம்பெனியிலும் 225 மி.மீ. இருக்காது. ஒன்றின் தோள் சதுரமாக இருக்கும், இன்னொன்றின் தோள் உருண்டிருக்கும். கூடவே, அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் போட்டால் அதன் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். கம்பெனிகள் வெளியிடும் அளவு அட்டவணையில் உண்மையான அகலமும், அது எந்த ரிம்மில் அளந்தது என்பதும் இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உரசலுக்குப் பிறகு கடையில் எனக்குச் சொன்ன தீர்வு 215/35ஆர்18. விட்டம் 607.7 மி.மீ. ஆகிவிடும், 2.8 சதவீதம் குறைவு, ஆக இதுவும் உங்கள் 3 சதவீதத்துக்குள் வருகிறது, ஃபெண்டரையும் தொடாது. ஆனால் அந்த அளவில் பெரும்பாலும் கிடைப்பது 84 என்ற சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் தாங்குவது 500 கிலோ. என் காரோடு வந்தது 87, 545 கிலோ. டயருக்கு 45 கிலோ வீதம் தாங்கும் திறனை விட்டுக்கொடுத்து, பக்கச்சுவரையும் 75 மில்லிமீட்டராகக் குறைத்து, ஏற்கெனவே பயணத் தூரம் குறைந்த சஸ்பென்ஷனில் மாட்டினால், பள்ளத்தில் விழும் அடி முழுவதும் ரிம்முக்குத்தான் போகும். ரிம் வளையும், பக்கச்சுவர் வீங்கும். எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்ட டயராக இருந்தாலும் அதன் முழுச் சுமைக் குறியீடு 290 கேபிஏ காற்றழுத்தத்தில் கணக்கிட்டது, சாதாரண டயருக்கு அது 250. பழைய காற்றழுத்தத்திலேயே எக்ஸ்எல் டயரை ஓட்டினால் அதில் எழுதிய சுமையைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. விட்டம் பொருந்தும், சுமை பொருந்தாது என்ற இந்த நிலைமை தாழ்த்திய கார்களில்தான் அதிகம் வரும், ஏனென்றால் நாம்தான் எப்போதும் சின்ன டயரைத் தேடுகிறோம். வேகக் குறியீட்டிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள்.

அகலமான ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரே வரி: டயர் கம்பெனி அனுமதிக்கும் ரிம் அகலத்தைத் தாண்டினால் வளைவிலோ பள்ளத்திலோ டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவலாம், அதைச் செய்யவே செய்யாதீர்கள். 225/40ஆர்18-க்கு அந்த எல்லை 7.5-லிருந்து 9 அங்குலம், 215/45ஆர்17-க்கு 7-லிருந்து 8. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் போடுபவர்கள் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள், நீளமான ஸ்டட் தேவைப்படலாம். வெளி வீல்களில் நடுத்துளை பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டு ஹப்பில் கச்சிதமாக உட்கார வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஆடும்.

தாழ்த்தியதும் அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் மாட்டுவது வீண் செலவு. உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது) குறை சொல்கிறார்கள், ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது). காரின் உயரம் மாறினாலே டோ மாறிவிடும்.

கடைசியில் நான் என்ன செய்தேன் என்றால், 18 அங்குல வீலைக் கொடுத்துவிட்டு 17 அங்குலம், 7.5 அகலம், ஆஃப்செட் 45 உள்ள வீல் வாங்கி, கம்பெனி கொடுத்த அதே 215/45ஆர்17 டயரையே போட்டேன். வெளியே 9 மி.மீ. தான் வந்திருக்கிறது, உள்ளே 3. களிமண்ணில் அளந்துவிட்டேன், எங்கும் தொடவில்லை. கார் இன்னும் அதே 30 மி.மீ. தாழ்வாகத்தான் இருக்கிறது. 18 போட்டபோது ஸ்டீயரிங்கில் இருந்த மந்தம் போய்விட்டது, மழையில் தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போதும் இந்தக் குறுகிய டயர்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அகலம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 8 அங்குல ரிம்மில் 235/40ஆர்17 பார்க்கலாம், விட்டம் 619.8 மி.மீ., பழையதைவிடச் சற்றே சிறியது. ஆனால் முதலில் பம்ப் ஸ்டாப்பில் அளந்த தாள் கையில் இருக்க வேண்டும்.

அந்த வாசகரின் கேள்வியில் ரிம்மின் அகலமும் இல்லை, ஆஃப்செட்டும் இல்லை, எவ்வளவு தாழ்த்தினார், எதை வைத்துத் தாழ்த்தினார் என்பதும் இல்லை. தயவுசெய்து அவரிடம் இந்த நான்கையும் கேட்டு வாங்கி, மறுபடியும் ஒரு பதில் போடுங்கள். ஒருவேளை உங்கள் பதிலைப் படித்து அவர் ஏற்கெனவே மாட்டியிருந்தால், இன்றைக்கே இரண்டு முன்சக்கரங்களையும் திருப்பி வைத்து, டயரின் வெளித் தோளில் சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்